விடுபட்ட மூன்று சொற்கள்

கடந்த பங்குனி மாதம் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் புதிய மொழிபெயர்ப்பாளர்களுக்கான வகுப்பொன்றில் பேசுவதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முப்பது பேர் அளவில் இருந்தார்கள். பேசி முடித்தபின் பின்வரிசையிலிருந்த ஒரு பெண் கையை உயர்த்தினாள்.

“அன்ரி, ஒராள் சொன்னதை எப்பவாவது நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கிறீங்களோ?”

“ஒருநாளும் இல்லை” என்றேன். எல்லோரும் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

அது பொய். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்துச் சொல்லலாமா என்று யோசித்தேன். பெயர்கூடக் கேட்டுவைக்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் இருபத்திரண்டு வயதில் தனியாக இந்த நகரத்துக்கு வந்தேன். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் குடியிருப்பில் ஐந்து பெண்கள் ஒன்றாக இருந்தோம். பகலில் ஒரு தையல் தொழிற்சாலை, மாலையில் ஆங்கில வகுப்பு. மற்ற நால்வரும் ஒவ்வொருவராகக் கலியாணம் செய்து போனார்கள். நான் அதே கட்டடத்தில் ஒரு சிறிய வீட்டுக்கு மாறினேன், அவ்வளவுதான். அகதி விசாரணைகளில் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். பதின்மூன்று வருடம் அந்த வேலை. பிறகுதான் தொலைக்காட்சி.

அந்த நிகழ்ச்சியின் பெயரை எழுதமாட்டேன். வாரநாட்களில் பின்னேரம் மூன்று மணிக்குப் போகும். கணவன் மேல் மனைவிக்குச் சந்தேகம், அண்ணன் மேல் தம்பிக்குச் சந்தேகம் என்று ஆட்கள் வருவார்கள். ஒருவர் தான் சொல்வது உண்மை என்பார். அவரைப் பொய் கண்டுபிடிக்கும் கருவியில் இருத்திச் சோதித்து, முடிவை ஓர் உறைக்குள் போட்டு, மேடையில் சனங்களுக்கு முன்னால் உடைப்பார்கள். ஒரு தமிழ்ப் பெடியன் விருந்தினராக வந்தபோது மொழிபெயர்க்க என்னை ஒருநாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அந்த ஒருநாள் எட்டு வருடமாகியது. சோதனை செய்பவருக்கு நிரந்தர உதவியாளராக வைத்துக்கொண்டார்கள்.

அவர் பெயர் மிஸ்டர் கில்மோர். ஓய்வுபெற்ற பொலிஸ்காரர். உயரமானவர், குரல் மட்டும் தாழ்ந்தது. மேடைக்கு ஒருநாளும் வரமாட்டார். முடிவை எழுதிக் கொடுத்துவிட்டு அறைக்குள்ளேயே இருப்பார். “பொய்” என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கருவி தாளில் போடும் கோடு துள்ளினால் “தாள் அசைந்தது” என்பார். கருவி கணினிக்கு மாறித் தாளே இல்லாமல் போன பின்னும் அப்படித்தான் சொன்னார். மத்தியானம் கைகழுவி வந்து ஓர் அப்பிளை இரண்டாக வெட்டி எனக்குப் பாதி தருவார். அதற்குமேல் நாங்கள் சொந்தக் கதை கதைத்ததில்லை. அந்தக் கட்டடத்தில் எனக்கு இருந்த ஒரே சினேகிதம் அந்தப் பாதி அப்பிள்தான்.

சோதனை அறையில் சன்னல் இல்லை, மணிக்கூடு இல்லை. அகலமான கைகள் வைத்த ஒரு கதிரை வெறும் சுவரைப் பார்த்தபடி இருக்கும். பெண்கள் வந்தால் கட்டுவது நான். நெஞ்சைச் சுற்றி ஒரு ரப்பர்க் குழாய், வயிற்றைச் சுற்றி ஒன்று, கையில் இரத்த அழுத்தப் பட்டி, இரண்டு விரல்களில் சிறு தகடுகள். கட்டுவதற்கு முன்பே எல்லாக் கேள்விகளையும் அவர் வாசித்துக் காட்டிவிடுவார். கேள்வி திடுக்கிட வைக்கக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். ஒவ்வொரு கேள்விக்கும் ஓம் அல்லது இல்லை, வேறொன்றும் இல்லை. ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே இருபத்தைந்து விநாடி. முழுப் பட்டியலும் மூன்று தடவை, ஒரு எழுத்தும் மாறாமல்.

எங்கள் ஆட்களோடு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஓம் என்று சொல்லும்போது தலையையும் ஆட்டுவார்கள். நெஞ்சுக் குழாயின் கோடு துள்ளிவிடும். நான் முதலில் மொழிபெயர்த்த அந்தப் பெடியனிடம் “நீர் மோதிரத்தை எடுக்கவில்லையா?” என்று கேட்கவைத்தார். அவன் “ஓம்” என்றான். மிஸ்டர் கில்மோர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஓம், எடுக்கேல்லை என்கிறான்” என்று விளங்கப்படுத்தினேன். அவர் நெடுநேரம் யோசித்தார். அன்று முதல் எதிர்மறைக் கேள்வி எந்த மொழிக்காரருக்கும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. அந்தக் கருவிக்குப் பொய் தெரியாது. மனிதருக்குள் ஏதோ பதறுகிறது என்பது மட்டும்தான் தெரியும். ஆகவே இரண்டு விதமான கேள்விகளைக் கலந்து கேட்பார்கள். ஒன்று, வந்த விசயத்தைப் பற்றிய நேர்க் கேள்வி. மற்றது, எந்த மனிதரையும் கொஞ்சம் சங்கடப்படுத்தும் பொதுவான கேள்வி. குற்றம் செய்தவருக்கு நேர்க் கேள்வியில் தாள் கூடுதலாக அசையும். செய்யாதவருக்குப் பொதுக் கேள்வியில்தான் கூடுதலாக அசையும். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் முடிவு. பொதுக் கேள்வி வந்த விசயத்தைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக அதன் தொடக்கத்தில் ஒரு வேலி போடுவார்: “இந்த வருடத்துக்கு முன்பு”. அந்த மூன்று சொற்களும் விடுபட்டால் சோதனையே பிழையாகிவிடும் என்று எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

யுத்தம் முடிந்த வருடம் வந்தது. மாசியிலிருந்து வைகாசி வரை வேலை முடிந்து வெளியே வந்தால், யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நகரத்து வீதியோரம் முழுக்க எங்கள் சனம் கைகோர்த்து நிற்கும். நானும் போய் நிற்பேன். பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாது. கையைப் பிடித்திருப்போம், பிறகு விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். வன்னியில் என் ஒரே தங்கை குடும்பத்தோடு இருந்தாள். தை மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வேலையிடத்தில் இதை யாருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் ஒப்பனைப் பெண் “இந்த ஊர்வலத்தால் ட்ராம் நகரவே இல்லை” என்று அலுத்துக்கொண்டாள். “ஓம், எனக்கும் பிந்திவிட்டது” என்றேன்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. இலையுதிர்காலத்தில் குகனேசனும் பரிமளமும் வந்தார்கள்.

குகனேசனுக்கு ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. நாற்பத்தைந்து வயது. மனைவி சுகந்தியையும் மகளையும் வன்னியில் விட்டுவிட்டு வந்தவர். மகள் அப்போது கைக்குழந்தை. இப்போது ஒன்பது வயதாகியிருக்கும். பரிமளம் அவருடைய மூத்த அக்கா, அஜின்கோர்ட்டில் வீடு. சுகந்திக்கு மனப்பாடமாகத் தெரிந்த கனடா நம்பர் பரிமளத்தின் வீட்டு நம்பர் ஒன்றுதான். வைகாசி நடுப்பகுதியில் அந்த நம்பருக்கு ஒரு தொலைபேசிக் கோல் வந்தது. குகனேசன் அப்போது வேலையில். சுகந்தி கதைத்தாள், வெளிக்கிட்டு வருகிறோம், யோசிக்கவேண்டாம் என்றாள் என்று அக்கா சொன்னார். பிறகு ஒரு தகவலும் இல்லை. முகாம்களிலிருந்து வந்த பெயர்ப் பட்டியல்கள் ஒன்றிலும் அவர்கள் இல்லை. அக்காவின் கதையோ ஒருநாள் பிள்ளை பக்கத்தில் நின்றது என்றிருந்தது, இன்னொருநாள் பிள்ளை நித்திரை என்றிருந்தது.

குகனேசன் பின்னேர வேலைக்குப் போகுமுன் தினமும் எங்கள் நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் ஆங்கிலம் படித்தாராம். நிகழ்ச்சிக்குக் கடிதமும் தானே எழுதினார். ஒளிப்பதிவுக்கு முன்னர் அவரிடம் விபரம் எடுக்கப் போனபோது, வாடகைக் கோட் போட்டபடி எழுந்து நின்றார்.

“அக்காவைப் பொய்க்காரி எண்டு காட்ட வரேல்லை. நீங்கள் அப்பிடி நினைக்கக் கூடாது” என்றார். “மெசின் ஓம் எண்டு சொன்னா நான் தேடுவன். வேலையை விட்டிட்டுப் போயெண்டாலும் தேடுவன். இல்லையெண்டு சொன்னா விட்டிடுவன். இப்பிடி நடுவில நிக்க என்னால ஏலாது அக்கா.”

பரிமளம் கறுப்புக் கம்பளிச் சட்டையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி சோதனை அறையில் இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. நான் வழக்கம்போலச் சொன்னேன்: “அக்கா, இந்த அறைக்குள்ளை நீங்கள் சொல்லுற எல்லாத்தையும் நான் இவருக்குச் சொல்லுவன். எனக்கு மட்டும் எண்டு ஒண்டும் சொல்லாதேங்கோ.”

தலையாட்டினார். மிஸ்டர் கில்மோர் அந்தக் கோலைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பரிமளம் அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, மூச்சுவிடாமல் கதைக்கத் தொடங்கினார்.

“தங்கச்சி, இதை அவருக்குச் சொல்லாதையும். கோல் வந்தது மெய். கதைச்சது சுகந்தியில்லை. ஆரோ ஒரு பெடியன். என்ர நம்பர் எழுதின துண்டு அவளின்ர சட்டைக்குள்ள இருந்ததாம். தாயும் பிள்ளையும் ஒரே பங்கர்க் குழிக்குள்ள செத்துப்போச்சினம் எண்டான். என்ன பேர் தம்பி எண்டு கேக்க லைன் கட்டாப் போச்சு. நான் ரெலிபோனைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டனான். தம்பி வேலையால வந்து சப்பாத்துக் கழட்டாமல் கேட்டவன், கோல் வந்ததோ எண்டு. நாலு நாளாய்ச் சாப்பிடாமல் இருந்தவன். அவன்ர முகத்தைப் பாத்திட்டு வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன். அண்டைக்குச் சாப்பிட்டான் தங்கச்சி. அதுக்குப் பிறகு என்னால மாத்த ஏலாமல் போட்டுது.”

மிஸ்டர் கில்மோர் பேனாவை உயர்த்தினார். “என்ன சொல்கிறார்?”

விசாரணைகளில் இதைவிடக் கொடிய கதைகளை நான் குரல் மாறாமல் சொல்லியிருக்கிறேன். ஆண்களின் கதையை ஆணாக, பெண்களின் கதையைப் பெண்ணாக, “நான்” என்று தொடங்கி ஒன்றும் விடாமல். அன்று வாயைத் திறந்தபோது இரண்டு வசனம்தான் வந்தது.

“பயமாக இருக்கிறது என்கிறார். தம்பி வேலையால் வந்து கேட்டபோது கோல் வந்ததைச் சொன்னாராம்.”

இரண்டும் உண்மைதான். மிஸ்டர் கில்மோர் என்னைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். அறையில் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை வருடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். குகனேசனுக்காக என்று சொல்லலாம். பரிமளத்துக்காக என்றும் சொல்லலாம். உள்ளதைச் சொன்னால், யாருக்காவது அங்கிருந்து ஒரு கோல் வந்திருக்கவேண்டும், அதில் அவரவர் ஆட்களின் குரல் கேட்டிருக்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

கேள்விகளை அட்டையில் தமிழில் எழுதிப் பரிமளத்துக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். கட்டி முடித்தேன். மிஸ்டர் கில்மோர் கணினிக்கு முன்னால் இருந்து விரலை உயர்த்துவார், நான் வாசிக்கவேண்டும். “உங்கட பேர் பரிமளமா?” “ஓம்.” இருபத்தைந்து விநாடி. “இண்டைக்குச் செவ்வாய்க்கிழமையா?” “ஓம்.” “அந்தக் கோலில சுகந்தியின்ர குரலை நீங்கள் கேட்டீங்களா?” “ஓம்.” கோடுகள் ஏறி இறங்கின.

அடுத்தது பொதுக் கேள்வி. அட்டையில் முழுதாக இருந்தது: “இந்த வருடத்துக்கு முன்பு உங்களை நம்பின ஒராளுக்கு நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீங்களா?” என் வாயிலிருந்து வந்தது, “உங்களை நம்பின ஒராளுக்கு நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீங்களா?”

பரிமளம் கண்ணை மூடினார். “இல்லை” என்றார். அவருடைய நெஞ்சு அப்படியே நின்றுபோனது. இரத்த அழுத்தக் கோடு திரையின் மேல் விளிம்புவரை போயிற்று. வைகாசியிலிருந்து சுமந்த அந்த ஒரு பொய் முழுவதும் பொதுக் கேள்விக்குள் வந்து விழுந்துவிட்டது. இனி நேர்க் கேள்வியில் எவ்வளவு அசைந்தாலும் அதற்குப் பக்கத்தில் சின்னதாகத்தான் தெரியும்.

அந்த முதல் தடவை தவறித்தான் விட்டேன் என்று நினைக்கிறேன். சத்தியம் செய்யமாட்டேன். நான் பிழையாக வாசித்தால் கையை உயர்த்தவேண்டும். மிஸ்டர் கில்மோர் ஒன்றும் பேசாமல் திரும்பத் தொடங்குவார். அதற்கு முன்னர் இரண்டு தடவை உயர்த்தியிருக்கிறேன். அன்று உயர்த்தவில்லை. இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும் அட்டையில் அந்தச் சொற்களைப் பார்த்துக்கொண்டே விட்டேன்.

மிஸ்டர் கில்மோர் முக்கால் மணித்தியாலம் கணக்குப் பார்த்தார். முடிவை எழுதி உறைக்குள் போட்டார்.

மேடை ஓரத்தில் நின்று நான் பார்த்தேன். தொகுப்பாளர் உறையை உடைத்து, எப்போதும்போல இழுத்தடித்து, “உங்கள் அக்கா உண்மையைச் சொல்கிறார்” என்றார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. குகனேசன் தன் முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு அக்காவைக் கட்டிப்பிடித்தார். அவருடைய தோளுக்கு மேலால் பரிமளம் என்னைத் தேடினார். நான் திரையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டேன். அங்கேயும் குகனேசன் வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“என்ர பிள்ளையைத் தந்திட்டியள் அக்கா” என்றார்.

நான் கையை இழுக்கவில்லை.

அறைக்குத் திரும்பியபோது மிஸ்டர் கில்மோர் குழாய்களைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

“மிஸ் நடா” என்றார், வழக்கம்போல என் பெயரைச் சுருக்கி. “அந்தப் பெண்மணி நீண்ட நேரம் பேசினார்.”

“சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.”

“ம்” என்றார். பட்டியை மடித்தார். “நீங்கள் எனக்கு இரண்டு வசனம் தந்தீர்கள்.”

நான் பட்டியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். அவர் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த நாள் மத்தியானம் அவர் அப்பிளை வெட்டவில்லை. சுவரைப் பார்த்தபடி முழுதாகக் கடித்துச் சாப்பிட்டார். கோபமென்று சொல்ல முடியாது. குட் மோர்னிங் அப்படியே இருந்தது. ஐந்து மாதம் அப்படி இருந்து பார்த்தேன். பிறகு வேலையை விட்டேன். கடைசி நாளில் கைகொடுத்து, “நீங்கள் நல்ல வேலைக்காரி” என்றார். அவர் அதற்குமேல் ஏதாவது சொல்வார் என்று கதவடியில் கொஞ்சம் நின்றேன்.

ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்க்கப் போனேன். ஓய்வுபெறும்வரை அதுதான். அங்கே ஒரு சொல்லையும் விடவில்லை. “இன்னும் மூன்று மாதம்தான்” என்று வைத்தியர் சொன்னால் மூன்று மாதம்தான் என்றேன். பிள்ளைகள் என்னை முறைத்துப் பார்த்தாலும் சொன்னேன்.

ஆனால் தமிழ்ப் பத்திரிகை எடுத்தால் முதலில் “காணவில்லை” விளம்பரங்களைத்தான் பார்ப்பேன். ஒரு தாயும் ஒன்பது வயதுப் பிள்ளையும் இருக்கும் படம் வந்துவிடுமோ என்ற பயம். அந்த மனிதன் வேலையை விட்டுவிட்டு எந்த முகாம் வாசலில் நிற்கிறாரோ, பிள்ளைக்குப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று கூட்டிக்கொண்டிருக்கிறாரோ என்று நினைப்பேன். கேட்க ஆளில்லை. பரிமளத்தின் வீட்டு வாசலுக்கு ஒரு தடவை போய், மணியை அடிக்காமல் திரும்பி வந்தேன்.

நாலு வருடத்துக்குப் பிறகு அதே பத்திரிகையில் பரிமளத்தின் மரண அறிவித்தல் வந்தது. குகனேசனின் பெயரும் அவருடைய ரெலிபோன் நம்பரும் கீழே இருந்தன. இனி அந்தக் கோலைப் பற்றித் தெரிந்த ஆள் நான் மட்டும்தான் என்று நினைத்தேன். செத்தவீட்டுக்குப் போகத் துணிவு வரவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை பொறுத்து, கோல் அடித்துக் கேட்டுக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை ரயிலில் ஒஷாவாவுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவருக்குத் தலை நரைத்திருந்தது. “ரீவி அக்காவோ? வாங்கோ, வாங்கோ” என்றார். வீட்டில் வேறு யாருமில்லை. தேநீர் ஊற்றி வந்து முன்னால் இருந்தார். நான் கோப்பையைத் தொடவில்லை.

“உங்கட அக்கா அண்டைக்குச் சொன்னதில நான் சொல்லாமல் விட்டது கொஞ்சம் இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

மொழிபெயர்ப்பாளர் எப்படிச் சொல்லவேண்டுமோ அப்படியே சொன்னேன். “கோல் வந்தது மெய். கதைச்சது சுகந்தியில்லை. ஆரோ ஒரு பெடியன்.” நம்பர் எழுதிய துண்டு, பங்கர், கட்டாகிப்போன லைன், கழற்றாத சப்பாத்து, எல்லாம்.

“அக்கா அண்டைக்கே சொல்லிப்போட்டா” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“காரில வரேக்குள்ள. நான் சந்தோசத்தில பிசத்திக்கொண்டு வாறன், பிள்ளைக்குக் கட்டில் வாங்கவேணும், எந்தப் பள்ளிக்கூடத்தில விடுறது எண்டு. காரை நிப்பாட்டடா எண்டா. பெற்றோல் ஸ்ரேசனில நிப்பாட்டினன். அங்கை வைச்சுச் சொன்னவ. நான் இறங்கி நடந்திட்டன். எட்டு மாசம் அவவோட கதைக்கேல்லை.”

நாலு வருடம். தேடிக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்த ஒவ்வொரு நாளும் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவேண்டும்?

“அப்ப நீங்களும் தெரிஞ்சுகொண்டுதான் நிண்டனீங்கள்” என்றார் மெதுவாக. “நான் வந்து கையைப் பிடிக்கேக்குள்ள.”

“ஓம்.”

“மெசின் பிழை விட்டதெண்டு நினைச்சன்.”

“மெசின் பிழை விடேல்லை. நான்தான்.”

எழுந்து சன்னலடிக்குப் போய் நின்றார். வெளியே போகச் சொல்லுவார் என்று கைப்பையை எடுத்தேன். அவர் திரும்பவில்லை, கேள்வி மட்டும் வந்தது.

“உங்கட ஆக்கள் ஆரும் அங்கை இருந்தவையோ?”

அந்த வருடம் முழுவதும், அதற்குப் பிறகும், என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

“தங்கச்சி.”

“கோல் வந்ததோ?”

“இல்லை.”

“பேர்?”

“வசந்தி. புருசன் பாலன்.” அவர் காத்துக்கொண்டு நின்றார். “பிள்ளையள் மூண்டு. மூத்தவன் கஜன். அடுத்தது துளசி.” அதோடு நின்றுவிட்டேன்.

“மற்றது?”

“கடைசிப் பிள்ளை இடம்பெயர்ந்து ஓடேக்குள்ள பிறந்தது. பேர் கடிதத்தில எழுதுறன் எண்டவள். என்ன பேர் வைச்சவை எண்டு எனக்குத் தெரியாது.”

குகனேசன் வந்து கதிரையில் இருந்தார். என் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துத் தொட்டுப் பார்த்தார். ஆறிப் போயிருந்தது. அதைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, அடுப்பில் திரும்பத் தண்ணீர் வைத்தார்.